நகராட்சி சரியாக இருந்தால் ஊரில் தொழில் வளருமா?

1990களில் திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருந்தவர்களுக்குச் சாயம், கூலி, கரண்ட் பில் போக இன்னொரு நிரந்தரச் செலவு இருந்தது: லாரித் தண்ணீர். ஊரின் நிலத்தடி நீர் கெட்டுப்போயிருந்தது. குழாய்த் தண்ணீர் வீடுகளுக்கே போதவில்லை. சுற்றுவட்டாரக் கிராமத்துக் கிணறுகளில் இறைத்த தண்ணீரை டேங்கர் லாரிகளில் விலைக்கு வாங்கித்தான் பனியன் துணிக்கு நிறமேற்றினார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த பையரிடம் ஒரு டி-ஷர்ட்டுக்கு விலை சொல்லும்போது அந்த லாரி வாடகையும் அதில் ஏறி உட்கார்ந்திருக்கும். அதே பையருக்குப் போட்டி ஊரான வங்கதேசத்தின் டாக்காவிலிருந்தும் ஒரு விலை வந்திருக்கும்.

உள்ளூர் நிர்வாகத்தின் தரத்துக்கும் ஒரு நகரத்தின் பொருளாதாரப் போட்டித்திறனுக்கும் உள்ள சம்பந்தத்தை இந்தச் செலவிலிருந்தே புரிந்துகொள்ளத் தொடங்கலாம். பொதுவில் நடக்க வேண்டிய ஒரு வேலை நடக்காவிட்டால், அதற்கான பணம் மிச்சமாவதில்லை. ஊரில் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக அதைக் கட்டுகிறார்கள், அதுவும் கூடுதல் விலைக்கு. தண்ணீர் லாரி, சொந்த ஜெனரேட்டர், குப்பையை அள்ள ஒரு ஆள், மழைக்காலத்தில் குடோனைச் சுற்றி மணல்மூட்டை, அலுவலகத்தில் ஃபைலை நகர்த்த ஒரு புரோக்கர். ரசீது இல்லாத வரி என்றே இதைச் சொல்லலாம். நிர்வாகம் எவ்வளவு மோசமோ அவ்வளவு அதிகம் இந்த வரி.

சரி, போட்டித்திறன் என்றால் என்ன? ஒரு கம்பெனிக்கு அது சுலபமாகப் புரியும்: அடுத்தவனைவிடக் குறைந்த விலையில் அல்லது நல்ல தரத்தில் பொருளைக் கொடுத்து, லாபமும் பார்க்க முடிகிறதா? நகரம் அப்படியல்ல. நஷ்டம் வந்தால் கம்பெனியை மூடலாம், ஊரை மூட முடியாது. அதனால் நகரத்துக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதையே பொருளாதார அறிஞர்கள் சிலர் ஏற்பதில்லை. இருந்தாலும் நடைமுறையில் ஒரு பொருள் உண்டு. தொழில்களையும் திறமையான ஆட்களையும் ஓர் ஊர் தன்பக்கம் இழுக்கிறதா, இருப்பவர்களைத் தக்கவைத்துக்கொள்கிறதா, அவர்களின் வருமானம் காலப்போக்கில் உயர்கிறதா என்பதுதான் அது. சார்லஸ் டீபூ என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1956இல் எழுதிய ஒரு கட்டுரையில், மக்கள் தங்களுக்குப் பிடித்த வரியும் வசதியும் உள்ள உள்ளாட்சிக்குக் குடிபெயர்வதன் மூலமே தங்கள் விருப்பத்தைத் தெரிவிக்கிறார்கள் என்றார். காலால் ஓட்டுப் போடுவது என்று பிறகு அதற்குப் பெயர் வந்தது. நம் ஊரில் சொந்த வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், சொந்தபந்தம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு யாரும் சொத்து வரிக்காக ஊர் மாறுவதில்லை. ஆனால் புதிதாகத் தொழில் தொடங்குபவர் மாறுவார். அவருக்கு இன்னும் வேர் இறங்கவில்லை.

நிர்வாகத் தரம் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது லஞ்சம். அது முக்கியம்தான். ஆனால் தொழில் செய்பவரைக் கேட்டால் பெரும்பாலும் நாட்களைப் பற்றித்தான் பேசுவார். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஒரு கோடி ரூபாய் கடனில் நிலம் வாங்கி, ஷெட் கட்ட பிளான் அப்ரூவலுக்காகக் காத்திருக்கிறார். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் மாதம் ஒரு லட்சம். அனுமதி ஆறு மாதம் இழுத்தால், ஒரு செங்கல் வைக்காமலே ஆறு லட்சம் போய்விடுகிறது. இதில் தாமதத்தைவிட மோசமானது நிச்சயமின்மை. எல்லோருக்கும் சரியாக 60 நாள் ஆகும் என்று தெரிந்தால் அதற்கேற்பக் கடன் வாங்கலாம், மெஷினுக்கு ஆர்டர் கொடுக்கலாம். ஒருவருக்கு 15 நாள், இன்னொருவருக்கு எட்டு மாதம், காரணம் யாருக்கும் தெரியாது என்றால் திட்டமிடவே முடியாது.

அப்புறம், இந்த நிச்சயமின்மை எல்லோரையும் சமமாக அடிப்பதில்லை. பெரிய கம்பெனியில் அரசு அலுவலகங்களுக்குப் போய்வருவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருப்பார். பத்துத் தையல் மெஷினோடு தொடங்குபவர், கடையைப் பூட்டிவிட்டுத்தான் நகராட்சிக்குப் போக வேண்டும். ஆகவே மோசமான நிர்வாகம் ஏற்கெனவே காலூன்றியவர்களுக்கு ஒரு பாதுகாப்பு வேலியாகவும் ஆகிவிடுகிறது. புதியவர்கள் நுழையாத ஊரில் பழையவர்கள் மேம்பட வேண்டிய அவசியமும் குறையும். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர்கள் சுயசான்று கொடுத்து இணையத்தில் உடனடியாக அனுமதி பெறும் முறை வந்தது. வீடுகளுக்கு மட்டும்தான். ஆனாலும் இதில் உள்ள கருத்து கவனிக்கத் தக்கது: விதிப்படி சரியாக உள்ள மனுவுக்கு ஓர் அதிகாரியின் நேரமும் மனநிலையும் தேவையில்லை.

நல்ல நிர்வாகம் வந்தால் உண்மையிலேயே எவ்வளவு மாறும் என்று பார்க்க இந்தியாவில் எனக்குத் தெரிந்து சூரத்தைவிடத் தெளிவான ஊர் இல்லை.

குஜராத்தின் சூரத், வைரம் பட்டை தீட்டும் ஊர், விசைத்தறி ஊர். 1991 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 15 லட்சம். வேலை தேடி வெளிமாநிலங்களிலிருந்து ஆட்கள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். குப்பை தெருவில் கிடந்தது, சாக்கடை தாப்தி ஆற்றில் கலந்தது, தொழிலாளர்கள் நெரிசலான குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள். தொழில் செழித்தது, ஊர் நாறியது, இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 1994இல் பெருமழை, தாப்தியில் வெள்ளம். வெள்ளம் வடிந்தபின் செத்த கால்நடைகள் அள்ளப்படாமல் கிடந்தன. செப்டம்பரில் பிளேக் என்ற செய்தி பரவியது. இறந்தவர்கள் ஐம்பதுக்கும் சற்று மேல். ஆனால் சில நாட்களுக்குள் லட்சக்கணக்கானவர்கள் ரயிலேறி ஊரைவிட்டு ஓடினார்கள். டீபூ சொன்ன காலால் போடும் ஓட்டை இவ்வளவு வேகமாக எந்த ஊரும் பார்த்திருக்காது. தறிகள் நின்றன, வைரப் பட்டறைகள் மூடப்பட்டன. வளைகுடா நாடுகள் சில இந்திய விமானங்களையே நிறுத்தின, இந்திய உணவுப் பொருட்களைத் திருப்பி அனுப்பின. குப்பை அள்ளாததற்கான பில் இப்படிச் சூரத்தைத் தாண்டி நாடு முழுவதற்கும் வந்தது.

1995 மே மாதம் எஸ்.ஆர்.ராவ் என்ற ஐஏஎஸ் அதிகாரி மாநகராட்சி ஆணையராக வந்தார். அவர் புதிய சட்டம் எதையும் கொண்டுவரவில்லை. இருந்த சட்டம், இருந்த ஊழியர்கள், இருந்த பணம்தான். மாற்றியது வேலை நடக்கும் விதத்தை. நகரின் ஆறு மண்டலங்களுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்குத் தன்னுடைய நிதி, நிர்வாக அதிகாரங்களைப் பகிர்ந்து கொடுத்தார். ஒரு சாக்கடை மூடி உடைந்தால் அதை மாற்ற ஃபைல் தலைமையகம் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக அவர் கேட்டது, எல்லா மூத்த அதிகாரிகளும் காலையில் தெருவில் இருக்க வேண்டும் என்பது. ஏசி அறையிலிருந்து அன்றாட வேலைக்கு (டெய்லி சோர்ஸ்) என்ற அர்த்தத்தில் 'ஏசி டு டிசி' என்று இதற்கு ஒரு பெயரே உண்டாயிற்று. பிற்பகலில் தினமும் ஒரு கூட்டம்: காலையில் என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள்? முக்கியச் சாலைகளை இரவில் பெருக்கும் வழக்கம் வந்தது. தெருவில் குப்பை கொட்டிய கடைக்காரருக்கு வழக்கு, வாய்தா என்று இழுக்காமல் அந்த இடத்திலேயே கட்டணம் விதித்தார்கள். ஆக்கிரமிப்புகளை இடித்தபோது செல்வாக்குள்ளவர்களின் கட்டடங்களும் தப்பவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று ஊர் நம்ப ஆரம்பித்தது அப்போதுதான்.

இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை, பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு சண்டிகருக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது சுத்தமான நகரம் என்று சூரத்தைச் சொன்னது. ராவ் 1997 இறுதியில் மாற்றலாகிப் போனார். அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் போனதும் பழைய நிலை திரும்பவில்லை. அடுத்தடுத்து வந்த ஆணையர்களும் அதே முறையைப் பிடித்துக்கொண்டார்கள். 2024 ஜனவரியில் வெளியான மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பில் சூரத் இந்தூருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. ஒரு நல்ல அதிகாரி வந்தார், ஊர் மாறியது என்ற கதைகள் நம்மிடம் நிறைய உண்டு. அவர் போன பிறகு என்ன ஆயிற்று என்பதில்தான் நிர்வாகத்தின் தரம் தெரியும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பின் சூரத்தில் வைரமும் ஜவுளியும் வளர்ந்ததற்கு மாநகராட்சி மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். தாராளமயம், பெல்ஜியத்தின் வைரச் சந்தையான ஆன்ட்வெர்ப்பில் குஜராத்தி வணிகக் குடும்பங்களுக்கு இருந்த தொடர்புகள், மலிவான உழைப்பு எல்லாம் சேர்ந்துதான் வளர்த்தன. அந்த இடிப்புகளில் பிழைப்பை இழந்த தெருவோர வியாபாரிகளும் குடிசைவாசிகளும் உண்டு. போட்டித்திறன் யார் கணக்கில் என்ற கேள்வியை முதலீட்டாளர்களை மட்டும் கேட்டு முடித்துவிடக்கூடாது. இன்னொன்று, மாநகராட்சியிடம் அப்போது பணம் இருந்தது. ஆக்ட்ராய் எனப்படும் நுழைவு வரி அதன் முக்கிய வருமானம். அந்த வரியே லாரிகளை ஊர் எல்லையில் வரிசையில் நிற்கவைத்து வியாபாரத்துக்கு இடைஞ்சல் செய்தது என்பது வேறு விஷயம். 2007இல் குஜராத் அதை ஒழித்தது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். பணக்கார ஊருக்கு நல்ல நிர்வாகம் கட்டுப்படியாகும், அவ்வளவுதானே? நிர்வாகம் ஊரைப் பணக்கார ஊராக்குகிறதா, பணம் நிர்வாகத்தை நல்லதாக்குகிறதா? இரண்டும் நடக்கிறது, பிரித்துப் பார்ப்பது கஷ்டம். இதைப் பிரிக்க நடந்த நல்ல முயற்சிகளில் ஒன்று வியட்நாமில் உண்டு. அந்நாட்டு வணிகத் தொழில் சங்கம் 2005இல் 42 மாகாணங்களோடு தொடங்கி, அடுத்த ஆண்டு முதல் அறுபதுக்கும் மேற்பட்ட மாகாணங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தரவரிசை வெளியிட்டு வந்தது. நகராட்சியைவிடப் பெரிய அலகுதான், ஆனால் கேள்வி அதேதான். துறைமுகம் பக்கத்தில் இருக்கிறதா, சந்தை எவ்வளவு தூரம் என்பதற்கெல்லாம் அதில் மதிப்பெண் கிடையாது. ஆயிரக்கணக்கான தனியார் நிறுவனங்களிடம், தொழிலைப் பதிவு செய்ய எத்தனை நாள் ஆயிற்று, நிலம் உங்கள் கையில் நிலைக்கும் என்று நம்புகிறீர்களா, திட்ட வரைபடத்தைப் பார்க்க யாரையாவது தெரிந்திருக்க வேண்டுமா, மேசைக்கடியில் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஒரே மாதிரி இடவசதி உள்ள இரண்டு மாகாணங்களில் ஒன்று ஏன் முந்துகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். ஆரம்ப ஆண்டுகளில் பின் ஸுவாங் முதலில் வந்தது, பிறகு பல ஆண்டுகள் தா நாங். நிலக்கரிக்கும் ஹாலாங் விரிகுடாச் சுற்றுலாவுக்கும் பெயர்போன குவாங் நின், 2017 முதல் 2023 வரை தொடர்ந்து முதலிடம் பிடித்தது. பட்டியல் வந்ததும் கடைசியில் நின்ற மாகாணத் தலைவர்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது, முதலில் வந்தவர்களிடம் போய்ப் பார்த்து வந்தார்கள். தரவரிசையால் கிடைத்த உண்மையான பலன் அந்த வெட்கம்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது திருப்பூருக்குத் திரும்பலாம், ஏனென்றால் நான் சொல்லிவரும் வாதத்துக்கு அதுவே பெரிய சங்கடம். ரோடு, தண்ணீர், சாக்கடை எதுவும் சரியாக இல்லாதபோதே அந்த ஊர் இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதித் தலைநகராக எழுந்தது. திருப்பூர் மாநகராட்சி ஆனதே 2008இல்தான். அப்படியானால் நிர்வாகம் இல்லாமலும் ஊர் ஜெயிக்கலாமா? கொஞ்ச காலத்துக்கு ஜெயிக்கலாம். ஒருவருக்கொருவர் தெரிந்த முதலாளிகள், வாய்ச்சொல்லில் நடக்கும் ஜாப் ஒர்க் (அடுத்தவர் துணிக்குக் கூலிக்கு வேலை செய்து தருவது), ஒரு மெஷின் கெட்டால் அடுத்த தெருவில் வேலையை முடித்து வாங்கும் வசதி, இதெல்லாம் மோசமான நகர வசதிகளை ஈடுகட்டின. தண்ணீருக்குக்கூட ஏற்றுமதியாளர் சங்கமே முனைந்தது. மாநில அரசோடும் நிதி நிறுவனத்தோடும் சேர்ந்து 1995இல் ஒரு கம்பெனி உருவாகி, ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டு பவானி ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தது. நாளுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். தண்ணீர் வந்தது 2005இல்.

கொண்டுவருவதற்கு வழி பிறந்தது, வெளியேறுவதற்குப் பிறக்கவில்லை. சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் போயிற்று. 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கிக் கீழே உள்ள விவசாயிகளின் நிலத்தைக் கெடுத்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள், ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணி வெளியூர் போய்ச் சாயமேறித் திரும்பி வர வேண்டியதாயிற்று, ஆர்டர்கள் தாமதமாயின. வட்டியில்லாக் கடன் கொடுத்து மாநில அரசு உதவியது, சொட்டுக் கழிவுநீர்கூட வெளியேறாத சுத்திகரிப்பு முறைக்குப் பட்டறைகள் மாறின. நிறமேற்றும் செலவு உயர்ந்தது. இருபது ஆண்டுகளாகக் கட்டாமல் தள்ளிப்போட்ட பில் வட்டியோடு வந்தது என்றே நான் இதைப் பார்க்கிறேன். இதில் மாநகராட்சியை மட்டும் குறைசொல்ல முடியாது. மாசுக் கட்டுப்பாடு மாநில வாரியத்தின் வேலை.

அதே சிக்கலைச் சூரத் கையாண்ட விதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே பாண்டேசரா தொழிற்பேட்டையில் துணிக்குச் சாயமேற்றும் ஆலைகள் நிறைய. 2014இல் மாநகராட்சி, வீட்டுச் சாக்கடை நீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து நாளுக்கு 4 கோடி லிட்டர் தரும் நிலையத்தை அமைத்து, அந்த ஆலைகளுக்கு விற்க ஆரம்பித்தது. ஆலைக்கு வெயில் காலத்திலும் தண்ணீர் உறுதி, மாநகராட்சிக்கு வருமானம், நல்ல தண்ணீர் வீடுகளுக்கு. சாக்கடை ஒழுங்காகக் குழாயில் வந்து சேரும் ஊரில்தான் அதை இப்படி விற்க முடியும். சென்னையில் 2019இல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் குடிநீர் வாரியம் இதே மாதிரி நிலையங்களைத் தொடங்கி, ஒரகடம், மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் கொடுக்கிறது.

குடிநீர் வாரியம் என்று சொன்னேன், மாநகராட்சி என்று சொல்லவில்லை. உள்ளாட்சியைப் பற்றி இந்தியாவில் பேசும்போது இதை மறக்கக்கூடாது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று 18 வேலைகளைப் பட்டியலிட்டது. கொடுப்பது மாநிலத்தின் கையில். ஆணையரை அனுப்புவது மாநிலம், நகரமைப்பில் கடைசிச் சொல் பல இடங்களில் மாநில நகரமைப்பு இயக்ககத்தினுடையது. தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரி வரை நகர உள்ளாட்சிகளில் கவுன்சிலரே இல்லை, தனி அலுவலர்கள்தான் நடத்தினார்கள். பணமும் அப்படித்தான். 2018இல் உயர்த்தி மறுஆண்டே நிறுத்திவைத்ததை விட்டுவிட்டால், சென்னையில் 1998க்குப் பிறகு, மற்ற ஊர்களில் 2008க்குப் பிறகு, சொத்து வரி 2022 வரை உயர்த்தப்படவில்லை. இடையில் நிலத்தின் விலை எங்கே போயிற்று என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே அடியாக உயர்த்தியபோது கூச்சல் எழுந்தது. ஆண்டுக்குக் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள்.

மக்கள் வரி கட்டத் தயங்குவார்கள் என்பது பாதி உண்மைதான். சென்னை விமான நிலையத்துக்கும் பரங்கிமலைக்கும் அருகில் உள்ள ஆலந்தூர், 1990களின் பிற்பகுதியில் தனி நகராட்சி. பாதாளச் சாக்கடை வேண்டும், பணம் இல்லை. நகராட்சித் தலைவராக இருந்த ஆர்.எஸ்.பாரதியும் கவுன்சிலர்களும் குடியிருப்போர் சங்கங்களோடு கூட்டம் போட்டு, இணைப்புக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்கூட்டியே கேட்டார்கள். அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லை. ஒரு அடி குழாய் போடுவதற்கு முன்னால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கட்டின. அந்தத் தொகையைக் காட்டித்தான் கடனும் மானியமும் கிடைத்தன, தனியார் ஒப்பந்தக்காரரும் துணிந்து வந்தார். சொன்ன வேலை நடக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் பணம் வரும், பணம் வந்தால் வேலை நடக்கும். இந்தச் சுழற்சி தலைகீழாகவும் ஓடும் என்பதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை.

உங்கள் ஊரின் நிலையைத் தெரிந்துகொள்ளத் தரவரிசை வரக் காத்திருக்க வேண்டாம், பட்ஜெட் புத்தகம் போதும். அதில் முந்தைய ஆண்டில் நடந்த உண்மையான வரவுசெலவு, நடப்பாண்டுக்குப் போட்ட மதிப்பீடு, பாதியில் திருத்திய மதிப்பீடு என்று பத்திகள் பக்கம்பக்கமாக இருக்கும். சாலை, வடிகால், தெருவிளக்கு என்று ஏதாவது ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, முதலில் அறிவித்த தொகைக்கும் கடைசியில் செலவான தொகைக்கும் உள்ள இடைவெளியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பாருங்கள். பிறகு சொத்து வரிப் பக்கத்தில், வசூலிக்க வேண்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று பாருங்கள். பக்கத்து நகராட்சியின் புத்தகமும் கிடைத்தால் இன்னும் நல்லது. தொழில் தொடங்க இடம் தேடிக்கொண்டிருப்பவர், இந்தக் கணக்கைப் பார்க்காவிட்டாலும், நாலு பட்டறைக்காரர்களிடம் விசாரித்து இதே முடிவுக்குத்தான் வந்திருப்பார்.